அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் இல்லை

2025 பிப்ரவரியில், 46 வயது பிறந்து இரண்டு வாரம் கழித்து, கோவையில் ஒரு மருத்துவமனையில் ட்ரெட்மில்லில் மூச்சு வாங்க நடந்துகொண்டிருந்தேன். மார்பெல்லாம் ஒயர். பக்கத்தில் நின்ற பெண் "இன்னும் ரெண்டு நிமிஷங்க்கா, விட்டுறாதீங்க" என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பரிசோதனைக்கு அவசியமே இல்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வந்தது சாதாரணப் படபடப்புக்குத்தான். படிவத்தில் 'குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா' என்று ஒரு வரி இருந்தது. கை தானாக எழுதிவிட்டது: அப்பா, ஹார்ட் அட்டாக், 46 வயதில். இருபத்தைந்து வருடமாகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன பதில். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நாப்பத்தாறுலயேவா? அப்ப உங்களை நல்லாப் பாத்துடணும்" என்றார். ரத்தம், எக்கோ, ட்ரெட்மில் என்று வரிசையாக எழுதிக்கொடுத்தார்.

எல்லாம் நார்மல். முடிவுகளைப் பார்த்துவிட்டு, "அப்பாவோட பழைய ரிப்போர்ட் ஏதாவது வீட்டுல இருக்குமா? எந்த மாதிரி அட்டாக்னு தெரிஞ்சா நல்லது" என்றார். நல்ல மனிதர், அக்கறையாகத்தான் கேட்டார். நான் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "டாக்டர், அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் இல்லீங்க. தற்கொலை."

முன்பின் தெரியாத ஒருவரிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை எடுத்துப் படிவத்தில் அந்த வரியை நிதானமாக அடித்தார். பிறகு கேட்டார்: "நீங்க ராத்திரி எப்படித் தூங்கறீங்க?"

அங்கேயே அழுதுவிட்டேன். வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு என் இதயத்தைப் பற்றி மோசமான சேதி வந்துவிட்டதாகத் தோன்றியிருக்கும்.

1999 ஆகஸ்ட். நான் பி.காம். கடைசி வருடம், விடுதியில். ஒரு புதன்கிழமை மதியம் சித்தப்பா வந்து நின்றார். "அப்பாவுக்கு உடம்பு முடியல, கெளம்பு அம்மிணி." கோவையிலிருந்து எங்கள் ஊர் குமாரபாளையம் பக்கம், மூன்று மணி நேரத்துக்கு மேல் பஸ். அவிநாசியில் வண்டி நின்றபோது எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது. பவானிப் பாலம் வரைக்கும் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் அப்பா இருப்பார் என்று ஒரு கணக்கு.

எப்படி என்பதை எழுதப்போவதில்லை. துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் கேட்டார்கள்: எங்கே, எப்போது, யார் முதலில் பார்த்தது. அதைத் தெரிந்துகொள்வதால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. எங்கோ தனியாக உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது கெடுதலாகக்கூட முடியலாம்.

போலீஸ் கேஸ் என்பதால் உடல் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டது. இயற்கைக்கு மாறான மரணம் எதுவானாலும் அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவில் பதிந்து, விசாரித்து, போஸ்ட்மார்ட்டம் முடித்த பிறகுதான் கொடுப்பார்கள். மனு எழுத மாமா போனார். ஸ்டேஷனில் இருந்த ஏட்டு, "காரணம் என்னன்னு போடறது?" என்று கேட்டிருக்கிறார். மாமாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரே எடுத்துக்கொடுத்திருக்கிறார்: "வயித்துவலின்னு போட்டுக்கலாமா?"

நாள்பட்ட தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தவர், வாழ்க்கையில் வெறுப்படைந்து. தமிழ்ப் பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் இந்த வரி மனப்பாடம். உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தியாக எத்தனை தடவை பார்த்திருப்போம். அப்படியெல்லாம் வயிற்றுவலி வருமா என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் அது வலி இல்லை, ஒரு ஏற்பாடு என்று புரிந்தது. கடன் என்று எழுதினால் கொடுத்தவனைக் கூப்பிட வேண்டும், குடும்பத் தகராறு என்றால் அம்மாவைக் கேட்க வேண்டும். வயிற்றுவலி யாரையும் குற்றம் சொல்லாது. சாயங்காலத்துக்குள் உடல் கைக்கு வந்துவிடும். அந்த ஏட்டு செய்தது உபகாரம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடாவருடம் தற்கொலைகளுக்கு ஒரு கணக்கு போடுகிறது. 2022-இல் நாடு முழுக்க 1,70,924 பேர். அதில் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர், மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். குடும்பப் பிரச்சினைக்கு அடுத்த காரணமாக நோய் என்று ஒரு கட்டம் இருக்கிறது, 18.4 சதவீதம். இந்த அறிக்கை வரும்போதெல்லாம் நான் அந்தக் கட்டத்தைத்தான் பார்ப்பேன். 1999-க்கான கட்டத்தில் எங்கள் அப்பா இருக்கிறார். அவரோடு எத்தனை பேர் வீட்டு வயிற்றுவலியோ.

ஆக ஸ்டேஷனில் வயிற்றுவலி, ஊருக்கு ஹார்ட் அட்டாக். இரண்டாவது பொய் அம்முச்சியுடையது, அம்மாவின் அம்மா. "வயசுப் புள்ள வீட்டுல இருக்குது, நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாங்க" என்று அன்று ராத்திரியே முடிவு செய்துவிட்டார். தம்பிக்கு 15 வயது. அவனையும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டால் ஹார்ட் அட்டாக். டீச்சர் கேட்டாலும் ஹார்ட் அட்டாக்.

இந்தப் பொய்யில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கல்யாணமாகி மூன்றாவது வருடம், மனசு கேட்காமல் ஒரு நாள் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். எதற்கும் தயாராகத்தான் ஆரம்பித்தேன். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "தெரியும். பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே விசாரிச்சாங்களே" என்றார். மாமனார், மாமியார், நாத்தனார், கல்யாணத் தரகர், எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நாங்கள் காப்பாற்றுவதாக நினைத்த ரகசியத்தை ஊரே சேர்ந்து எங்களுக்காகக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் நன்றியும் வரும், கோபமும் வரும். தெரிந்துகொண்டே மூன்று வருடம் ஒருத்தர்கூட அப்பா பேச்சை எடுக்கவில்லையே.

பொய்யின் உண்மையான விலை அதுதான் என்று நினைக்கிறேன். சாவைப் பேசக்கூடாது என்று ஆனதும் ஆளையே பேசக்கூடாது என்று ஆகிவிட்டது. அப்பாவுக்குப் பிடித்த பலகாரம் என்று ஆரம்பித்தால்கூட யாராவது பேச்சை மாற்றிவிடுவார்கள். ஒரு புதன்கிழமை அவருடைய 46 வருடத்தையும் விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தது.

ஏன் என்ற கேள்வியோடு பல வருடம் மல்லுக்கட்டினேன். அப்பா வைத்திருந்தது எட்டு விசைத்தறி, எல்லாம் ஜாப் ஒர்க். வியாபாரி பாவும் நூலும் கொடுப்பார், ஓட்டிக் கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. தறி ஓட்டுகிறவர்களுக்கு முன்பணம் கொடுத்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கம் அதற்குப் பாக்கி என்று பேர். வாங்கிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. அந்தப் பாக்கிக்கு அப்பா வட்டிக்கு வாங்கியிருந்தார். சரி, கடன் இருந்தது. ஆனால் அந்த வீதியில் கடன் இல்லாத பட்டறை எது? எங்களைவிட மூன்று மடங்கு கடன் வைத்திருந்தவர் இப்போதும் காலையில் வாக்கிங் போகிறார். அதனால் கடன் என்ற பதில் ஒரு இடத்தோடு நின்றுவிடும், அதற்குமேல் போகாது.

அப்புறம் அந்த போன். அப்போது எங்கள் வீட்டில் போன் கிடையாது, எதிர்வீட்டு பி.பி. நம்பர்தான், அவர்கள் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினேன். மீட்டரையே பார்த்துக்கொண்டு பேசியதில் பாதி மனசு பேச்சில் இல்லை. "சாப்பிட்டியா அம்மிணி?" என்றார். பரீட்சைப் பணம் கட்டணும் என்றேன். "அனுப்பறன். சரி, வெச்சரட்டுமா?" அவ்வளவுதான். எப்போதும் நான்தான் முதலில் வைக்கிறேன் என்பேன். அன்று அவர் கேட்டார். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் என்னை நானே விசாரித்தேன். பணம் கேட்காமல் இருந்திருந்தால்? குரல் ஏன் இப்படி இருக்குது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? இப்போது யோசித்தால் குரல் ஒருமாதிரி இருந்ததா என்பதே தெரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டு அந்த நினைவையே தேய்த்துவிட்டேன்.

இன்னொன்று வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அந்த ஏட்டு எழுதியது முழுப் பொய்யும் இல்லை. கடைசி ஆறு மாதம் அப்பா வயிறு எரியுது என்று ஜெலுசில் குடித்துக்கொண்டே இருந்தார். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். தினம் ஷேவ் செய்கிற மனிதர் வாரக்கணக்கில் தாடியோடு இருந்தார். டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். நம் பக்கத்தில் மனச்சோர்வு, 'மனசு சரியில்லை' என்று வருவதில்லை. தலைவலியாக, நெஞ்செரிச்சலாக, உடம்பெல்லாம் குத்துகிறது என்று வரும். அப்பாவை இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள். இரண்டு பேரும் வயிற்றைத்தான் பார்த்தார்கள். பிப்ரவரியில் அந்த டாக்டர் எப்படித் தூங்கறீங்க என்று என்னிடம் கேட்டபோது நான் உடைந்தது அதனால்தான். அப்பாவிடம் அதை யாரும் கேட்கவில்லை.

சென்னையில் ஸ்னேகா என்ற அமைப்பை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-லேயே தொடங்கிவிட்டார். போன் செய்தால் ஒருவர் காதுகொடுத்துக் கேட்பார், உபதேசம் செய்ய மாட்டார். 1999-இல் எங்கள் தறி வீதியில் அப்படி ஒன்று இருப்பது யாருக்குத் தெரியும்? இப்போது 044-24640050 என்ற எண் இருக்கிறது. 2022-இலிருந்து டெலி மானஸ் என்று அரசே நடத்துகிறது, 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம். இதைப் படிக்கிறவர்களில் ஒருவருக்கு இன்று ராத்திரி தேவைப்படலாம் என்றுதான் நடுவிலேயே எழுதிவைக்கிறேன். சாவை நினைக்கிறவர்களுக்கு மட்டும் என்றில்லை, என்னைப் போல மிஞ்சியவர்களும் பேசலாம்.

பேசுவதற்குச் சட்டமும் கொஞ்சம் வழிவிட்டிருக்கிறது. முன்பெல்லாம் பிழைத்துக்கொண்டால் இந்திய தண்டனைச் சட்டம் 309-இல் கேஸ். 2017-இன் மனநலச் சட்டம், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. 2024 ஜூலை 1-இல் பழைய தண்டனைச் சட்டத்தோடு 309-உம் போயிற்று (அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கச் செய்தால் குற்றம் என்று ஒரு மிச்சம் மட்டும் புதிய சட்டத்தில் உண்டு). ஆனால் சொல் மாறவில்லை. தற்கொலை என்பதற்குள்ளேயே ஒரு கொலை உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதையும் சொல்ல மாட்டார்கள், 'இப்படிப் பண்ணிக்கிட்டாரே' என்பார்கள். எனக்கு இதுவே தேவலை. அந்த 'இப்படி'யில் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது.

வெட்கம் பணத்தையும் தின்னப் பார்த்தது. அப்பா பேரில் ஏழு வருடப் பழைய எல்.ஐ.சி. பாலிசி ஒன்று இருந்தது. இந்த மாதிரிச் சாவுக்குப் பைசா வராது, போனால் அசிங்கம்தான் என்று உறவில் ஒருவர் அடித்துச் சொல்லிவிட்டார். அம்மாவும் டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டார். ஒரு வருடம் கழித்து ஏஜென்ட் தானாகத் தேடிவந்து சொன்னார்: பாலிசி எடுத்து ஒரு வருடத்துக்குள் நடந்தால்தான் சிக்கல், அதற்கப்புறம் கொடுத்தாக வேண்டும். கொடுத்தார்கள். அந்தப் பணத்தில்தான் தம்பி டிப்ளமோ படித்தான்.

தம்பியைப் பற்றி அதிகம் எழுத எனக்கு உரிமை இல்லை. கொள்ளி வைத்தவன் அவன். 15 வயதில். அதற்குப் பிறகு ஒரு அமாவாசைக்கும் அவன் எள் தண்ணீர் விட்டதில்லை. "விட்டுட்டுப் போனவருக்கு நான் எதுக்கு விடணும்?" என்பான். முன்பெல்லாம் சண்டை போடுவேன். இப்போது இல்லை. ஒரே வீட்டில் ஒரே நாளில் இரண்டு பேருக்கு இரண்டு அப்பாக்கள் செத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஹாரி ரீட் என்று ஒரு செனட்டர் இருந்தார். அவருடைய அப்பா 1972-இல் தற்கொலையால் இறந்தவர். வெகுகாலம் வெளியே சொல்லாமல் இருந்தவர்தான் ரீடும். அவர் கொண்டுவந்த தீர்மானத்தால், இப்படி மிஞ்சியவர்களுக்கென்று நவம்பரில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கினார்கள். இப்போது பல நாடுகளில் அன்று கூடிப் பேசுகிறார்கள். அந்தத் தீர்மானம் வந்த வருடத்தைப் படித்ததும் திக்கென்றது. 1999. நாங்கள் ஹார்ட் அட்டாக் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்த அதே வருடம்.

அப்பா எனக்குத் திரும்பக் கிடைத்தது ஒரு கல்யாணப் பந்தியில். ஏழெட்டு வருடம் முன்பு, எங்களிடம் தறி ஓட்டிய ஒரு அண்ணன் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில், எந்த முகாந்திரமும் இல்லாமல் சொன்னார்: "உங்கப்பாவாட்டத் தூங்கறவரை நான் பாத்ததே இல்ல கண்ணு. எட்டுத் தறி ஓடும்போது நடுவுல கட்டலைப் போட்டுத் தூங்குவாரு. ஒரு தறி நின்னா போதும், கண்ணைத் தொறக்காமயே 'அஞ்சாவதுல நாடா நின்னுருச்சு பாரு'ம்பாரு." எனக்குச் சோறு இறங்கவில்லை. மறந்தே போயிருந்தேன். கரண்ட் போனால் எங்கள் வீதியே விழித்துக்கொள்ளும், சத்தத்தில் தூங்கிப் பழகியவர்கள் நாங்கள். அந்த நிசப்தத்தில் அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்கு வருவார். விரலில் தறி நூலைச் சுற்றிச் சுற்றி மோதிரம் செய்து போடுவார்.

அந்த அண்ணனிடம் இன்னும் சொல்லுங்க என்றேன். பாயசம் வரும்வரை சொன்னார். சாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்கு அது தெரியாததல்ல, அன்று தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.

ட்ரெட்மில்லுக்குப் பிறகு மகளிடம் சொன்னேன். அவளுக்கு 17. தாத்தா எப்படி இறந்தார் என்பதற்கு முன்னால் எப்படித் தூங்குவார் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் சொன்னேன். "அப்ப எனக்கும் வருமா?" என்றாள். எனக்கும் அந்தப் பயம் உண்டு, 46 நெருங்க நெருங்க அதிகமாகத்தான் இருந்தது. குடும்பத்தில் ஒருவர் அப்படிப் போனால் மற்றவர்களுக்கு அபாயம் கொஞ்சம் கூடும், ஆனால் அது தலையெழுத்து இல்லை என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். மனசு கனமாக இருந்தால் வயிற்றுவலி என்று மட்டும் சொல்லிவிடாதே என்றேன். அவள் சிரித்துவிட்டாள். நானும்.

அம்மாவிடம்தான் எதையும் பேச முடிந்ததில்லை. ஊரில் தம்பி வீட்டில் இருக்கிறார். தினம் ராத்திரி படுக்கும் முன் வாசல் திண்ணையில் ஒரு சொம்புத் தண்ணீர் வைப்பார். அந்த வீட்டுக்குக் குடிபோகும் முன்பே, பழைய வீட்டிலிருந்தே. நாய்க்கோ பூனைக்கோ என்று நினைத்திருந்தேன்.

2025 ஜூலை 24 ஆடி அமாவாசை. அம்மாவைப் பவானி கூடுதுறைக்குக் கூட்டிப்போனேன். தம்பிதான் கார் ஓட்டினான், உள்ளே வரவில்லை, டீக்கடையில் உட்கார்ந்துகொண்டான். ஆற்றில் நல்ல தண்ணீர், படிக்கட்டெல்லாம் ஜனம். அம்மா முங்கி எழுந்து, எள்ளும் அரிசியும் விட்டு, மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுத்துவிட்டு, ஈரப்புடவையோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்கப்பனுக்கு எழுபத்திரண்டு முடிஞ்சுது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மெதுவாகச் சொன்னார். ஜாதகத்தில் அப்பாவுக்கு ஆயுசு எழுபத்திரண்டு. விதி முடியும் முன்னால் போனவர்கள் மிச்ச வருடத்தை அலைந்துதான் தீர்க்க வேண்டும் என்று அன்றைக்கே அம்முச்சி சொல்லியிருக்கிறார். அம்மா எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார். இருபத்தாறு வருடம். ராத்திரியில் அலைகிறவருக்குத் தாகம் எடுக்குமே என்று வைத்த தண்ணீர் அது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இப்படி ஒரு கதையைச் சொல்லி ஒரு பெண்ணை இருபத்தாறு வருடம் கணக்குப் போட வைத்தவர்கள் மேல் ஆத்திரம்கூட வந்தது. ஆனால் அந்தப் படிக்கட்டில் அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு எதுவும் பேசத் தோன்றவில்லை. தலையைத் துவட்டிவிட்டேன். காருக்கு வந்ததும் தம்பி அம்மா கையில் ஒரு டீயைக் கொடுத்தான். மூன்று பேரும் ஊர் வரும்வரை பேசவில்லை.

அன்று ராத்திரி அங்கேயே தங்கினேன். விளக்கை அணைக்கப் போகும்போது அம்மா சொம்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"அதான் முடிஞ்சுதுன்னியேம்மா."

திண்ணையில் வைத்துவிட்டு, மேலே தட்டைக் கவிழ்த்து மூடினார். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.